கோத்தகிரியிலிருந்து போய் அம்மாவுக்கு ஸ்டெம் செல் மாற்று: 14 மாதம் கழித்து எழுதும் மதிப்பீடு

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவைப் பற்றியது இது. குறைகளையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த நான்கில் ஒன்று, எங்களிடம் சுலபமாக விற்றிருக்கக்கூடிய "ஸ்டெம் செல் சுத்திகரிப்பு" என்ற ஒன்றை விற்காமல் விட்டதற்காக. அதைப் பற்றி எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன், ஏனென்றால் எங்களைப் போலவே பயந்து போய் நிலத்தை விற்கக் கிளம்பும் குடும்பம் இன்னொன்று இந்த மலையில் இருக்கலாம்.

அம்மாவுக்கு வயது 58. நெடுகுளா பக்கம் ஒன்றரை ஏக்கர், கேரட்டும் உருளையும், ஓரமாகக் கொஞ்சம் தேயிலை. முதுகு வலிக்கிறது என்று ஏழெட்டு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். குனிந்து களை எடுக்கிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நாங்களும் ராத்திரி ராத்திரி நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கப் போனோம். ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. ஹீமோகுளோபின் 7. அப்புறம்தான் மல்டிபிள் மைலோமா என்று தெரிந்தது, அதாவது எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் புற்று. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது விடாத முதுகுவலியும் ரத்தசோகையும் சேர்ந்து இருந்தால் தைலத்தோடு நிறுத்தாதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

முதல் நான்கு சுற்று மருந்து பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயிற்றுத் தோலில் வாரம் ஒரு போர்டிசோமிப் ஊசி, லெனலிடோமைட் மாத்திரை, டெக்ஸாமெத்தசோன். அம்மாவுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. அதன் பிறகு டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து அடுத்த கட்டத்தைச் சொன்னார். அம்மாவின் சொந்த ஸ்டெம் செல்லை, அதாவது எல்லா ரத்த அணுக்களும் உருவாகி வரும் மூல செல்லை, ரத்தத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், மெல்ஃபலான் என்ற மருந்தைப் பெரிய அளவில் கொடுப்பார்கள், பிறகு எடுத்து வைத்த செல்லைத் திரும்ப ஏற்றுவார்கள். ஊரில் எல்லோரும் நினைப்பது போல ஸ்டெம் செல் புற்றைக் குணப்படுத்துவதில்லை. புற்றை அடிப்பது மருந்து. அந்த அளவு மருந்துக்கு மஜ்ஜையும் சேர்ந்து அழிந்துபோகும், அதனால் ரத்தம் ஊற வழி இல்லாமல் போகும், அங்கே திரும்ப நடுவதற்குத்தான் ஸ்டெம் செல்.

அப்பா அதிகம் பேசாதவர். அன்றைக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "கேன்சர் இருக்கிற உடம்புல இருந்துதானே எடுக்கறீங்க டாக்டரம்மா, அப்ப அதுலயும் கேன்சர் கலந்து வருமே? நம்ம கேரட்டைக் கழுவற மாதிரி கழுவித் தருவீங்களா?"

இந்தக் கேள்வி அவருக்குச் சும்மா வரவில்லை. முந்தின வாரம் வேறொரு நிறுவனத்தின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தம்பிக்கு போன் செய்திருந்தார். எங்கள் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "ஸ்டெம் செல் சுத்திகரிப்பு" செய்யாமல் ஏற்றினால் புற்றை நாமே திரும்ப உடம்புக்குள் ஊற்றுவது போல என்றாராம். நாலரை லட்சம் கூடுதலாக ஆகும், பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று வாட்ஸப்பில் வண்ணப் படம் போட்ட பக்கங்களும் அனுப்பினார். அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது. தேயிலை இருக்கும் அரை ஏக்கருக்கு அப்பா ஆள் பார்க்கவே தொடங்கிவிட்டார்.

டாக்டரம்மா மழுப்பவில்லை. "வரும்" என்றார். எடுக்கும் பையில் சில புற்று செல்கள் சேர்ந்து வருவது தெரிந்த விஷயம்தான், அதை ஆராய்ச்சியிலேயே காட்டியிருக்கிறார்கள் என்றார். 1993-ல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துச் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் மால்கம் பிரென்னர் என்பவரின் குழு, ஒரு வகை ரத்தப் புற்று வந்த குழந்தைகளிடம் எடுத்த மஜ்ஜையில் ஒரு அடையாள மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். பிறகு நோய் திரும்பியபோது அந்தப் புற்று செல்களிலும் அதே அடையாளம் இருந்தது. அதாவது எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்ததில் இருந்தே சில செல்கள் கிளம்பியிருக்கின்றன. இதைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுத்தம் செய்யும் வழியும் உண்டு, அது ஏமாற்று அல்ல என்று அதையும் விளக்கினார். ஸ்டெம் செல்லின் மேற்புறத்தில் சிடி34 என்று ஒரு புரதம் இருக்கும். மைலோமா செல்லில் பொதுவாக அது கிடையாது. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய்ப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு மிக நுண்ணிய இரும்புத் துகள்களைக் கோர்த்துக் கலந்து, காந்தத்துக்கு நடுவே இருக்கும் ஒரு குழாய் வழியாகச் செலுத்தினால் ஸ்டெம் செல் உள்ளே ஒட்டிக்கொள்ளும், மற்றவை வழிந்து போய்விடும். பிறகு காந்தத்தை விலக்கிவிட்டு ஒட்டியதைக் கழுவி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கேட்கும்போதே எனக்கு, இவ்வளவு அழகாக இருக்கிறதே, நாலரை லட்சம் போனால் போகட்டும் என்றுதான் தோன்றியது.

"சிடி34 வெச்சுப் பிரிக்கறதை மைலோமாவுல செஞ்சே பாத்துட்டாங்க" என்றார். 190 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சுத்தம் செய்த செல், மறு பாதிக்கு எடுத்தது எடுத்தபடியே. சுத்தம் செய்த பைகளில் புற்று செல் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது, அந்த வகையில் கருவி சொன்னதைச் செய்தது. ஆனால் 2001-ல் முடிவு வெளியானபோது, நோய் எவ்வளவு நாளில் திரும்பியது என்பதிலும் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்பதிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைகள் புற்றிலும் இப்படி நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சுத்தம் செய்து பார்த்து, 2013-ல் அதே பதிலே வந்திருக்கிறது.

ஏன் என்றால், நோய் பெரும்பாலும் திரும்பி வருவது பையில் இருந்து அல்ல, பெரிய மருந்துக்கும் தப்பி உடம்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் செல்களில் இருந்து. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார். "நூற்புழு மாதிரி" என்றார்.

மலையில் உருளை போடுகிறவர்களுக்கு இது புரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1961-ல் உதகையில் உருளைக்கிழங்கில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள், நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பக் கட்டுப்பாடு வந்ததே அதனால்தான். அந்தப் புழுவின் முட்டைக்கூடு மண்ணுக்குள் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். விதைக்கிழங்கை எவ்வளவு தேய்த்துக் கழுவி நட்டாலும், மண்ணிலேயே முட்டை இருக்கும்போது என்ன பிரயோஜனம்? அப்பா இதைச் சொன்னதும் டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார், அடுத்து வருகிறவர்களுக்கு இப்படியே சொல்கிறேன் என்று. எனக்கு அன்றைக்கு அவர் மேல் ஏற்பட்ட மரியாதை சாதாரணமானது இல்லை.

சுத்தம் செய்வதால் இழப்பும் உண்டு. காந்தத்தில் போகும்போது நல்ல ஸ்டெம் செல்லிலும் ஒரு பகுதி வீணாகும். வழிந்து போகிறவற்றோடு டி செல் என்ற எதிர்ப்புச் செல்களும் போய்விடும், அதனால் எதிர்ப்புச் சக்தி திரும்புவது தாமதமாகி வைரஸ் தொற்றுகள் வரலாம். பணத்தையும் கொடுத்து அதையும் வாங்கிக்கொள்வதா?

அதே நேரம், அந்தத் தொழில்நுட்பமே வேண்டாதது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல வரவில்லை. பாதி மட்டும் பொருந்தும் அப்பாவிடமோ அம்மாவிடமோ செல் எடுத்துக் குழந்தைக்கு ஏற்றும்போது, கொடுப்பவரின் டி செல்கள் குழந்தையின் உடம்பையே தாக்கும். அவற்றைப் பிரித்து நீக்க இதே மாதிரி காந்த முறை உதவுகிறது. அங்கே அது வேறு காரணத்துக்கு. இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் பல நாள் மனதில் இருந்தது. 1988-ல் எலியின் ரத்த ஸ்டெம் செல்லைத் தனியாகப் பிரித்துக் காட்டிய இர்விங் வைஸ்மனின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 1990-களின் பிற்பகுதியில், உடம்பெல்லாம் பரவிய மார்பகப் புற்று இருந்த 22 பெண்களுக்கு மிகத் தூய்மையாகப் பிரித்த ஸ்டெம் செல்லைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கும் மேல் கழித்துப் பார்த்தபோது அதில் 5 பேர் உயிரோடு இருந்தார்கள். அதே காலத்தில் பிரிக்காத செல் வாங்கிய 74 பேரில் 7 பேர். கேட்கும்போது நம்பிக்கை வருகிறது இல்லையா? ஆனால் குலுக்கல் போட்டுப் பிரித்த ஆராய்ச்சி அல்ல அது, ஆட்களும் குறைவு, நோயும் வேறு, இதை வைத்து உங்கள் நிலத்தை விற்கச் சொல்ல என்னால் முடியாது என்றார். நாற்பது நிமிடம் எங்களோடு பேசினார். அதற்கு வழக்கமான கட்டணம்தான் வாங்கினார்கள்.

நிலம் அப்படியே இருக்கிறது.

சரி, சேவைக்கு வருகிறேன். செல் எடுக்கும் முன் நான்கு நாள் ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டார்கள். மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குள் தள்ளிவிட அது. எலும்பெல்லாம் குடைவது போல வலிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், சொன்னபடியே வலித்தது, பாரசிட்டமால் கொடுத்தார்கள். நான்காம் நாள் ரத்தத்தில் ஸ்டெம் செல் எண்ணிக்கை போதவில்லை. அன்று இரவே பிளெரிக்சாஃபோர் என்ற இன்னொரு ஊசி போட வேண்டியிருந்தது. இது முதலில் எய்ட்ஸ் வைரஸுக்கு எதிராகச் சோதித்த மருந்து, ஸ்டெம் செல்லை மஜ்ஜையோடு பிணைத்திருக்கும் பிடியை அவிழ்த்துவிடும் என்று தற்செயலாகத் தெரிய வந்ததாம். விலை அதிகம். தேவைப்படலாம் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்ததால் எங்களுக்கு அதிர்ச்சி இல்லை.

செல் பிரிக்கும் அறைக்கு ஐந்துக்கு ஐந்து. கழுத்தில் குழாய் வைத்து, ஒரு பக்கம் ரத்தம் வெளியே போய் இயந்திரத்தில் சுழன்று, வேண்டியது மட்டும் பையில் இறங்கி, மீதி மறுபக்கம் வழியாக உடம்புக்குத் திரும்பும். நாலரை மணி நேரம், இரண்டு நாள். அங்கே இருந்த டெக்னீஷியன் பெண் அம்மாவை விட்டு நகரவே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பில் கால்சியத்தைக் குறைக்கும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "அம்மா, உதடு விரலெல்லாம் மரமரன்னு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை அம்மா ஆமாம் என்றதும் உடனே வேகத்தைக் குறைத்துக் கால்சியம் ஏற்றினார். சிறுநீர் கழிக்கக்கூட எழுந்து போக முடியாது, அதற்கும் முகம் சுளிக்காமல் உதவினார். அம்மா இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்கு வாழைக்காய் வறுவல் செய்து அனுப்பச் சொல்கிறார்.

எடுத்த பையைப் பார்த்தேன். தக்காளிச் சாறு நிறத்தில், கையளவு. அதில் இருக்கும் செல்களில் நூற்றுக்கு ஒன்று தேறினாலே நல்ல அறுவடை, மற்றவையெல்லாம் வேறு வெள்ளை அணுக்கள். எடை கிலோ ஒன்றுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல் வேண்டும் என்பார்கள். அம்மாவுக்கு இரண்டு நாளில் கிலோவுக்கு 46 லட்சம் கிடைத்தது. இந்த எண்ணை நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைப்பார்கள் என்று நான் படித்திருந்தேன். இங்கே உறைய வைக்கவில்லை. மெல்ஃபலான் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும் மருந்து, அதனால் செல்லை 4 டிகிரி குளிரில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்தாலே போதும், இந்தியாவில் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். செலவு குறைந்தது, உறைய வைக்கச் சேர்க்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடால் வரும் குமட்டலும் அந்தப் பூண்டு வாடையும் இல்லை. செவ்வாய் இரவு மருந்து, வியாழன் காலை செல். மெல்ஃபலான் ஏறும்போது முழு நேரமும் அம்மாவுக்கு ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கச் சொன்னார்கள், வாய்ப்பகுதி குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தால் அங்கே மருந்து குறைவாகப் போய்ப் புண் குறையும். ஜனவரி மாதம், கோத்தகிரிக்காரிக்கு, ஐஸ். "ஊருல உறைபனி பாத்துப் பாத்துப் பழகின வாய்தானே கண்ணு, விடு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். வாய்ப்புண் வந்தது, ஆனால் கஞ்சி குடிக்க முடிந்தது.

செல் ஏற்றியது இருபதே நிமிடம். இதற்காகவா இவ்வளவு என்று தோன்றும். அதற்குப் பிறகு வரும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் கடினம், அதைப் பற்றி நிறைய எழுத மனம் வரவில்லை. வெள்ளணு 100-க்குப் போனது, காய்ச்சல் வந்தது, முடி கொட்டியது, தட்டணுவுக்கு மூன்று பேர் வந்து கொடுத்தார்கள். மூவரும் தம்பியோடு வேலை செய்கிறவர்கள், மேட்டுப்பாளையத்தில் இருந்து பஸ் பிடித்து வந்தார்கள். பதினொன்றாம் நாள், தொற்றை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபில் 500-ஐத் தாண்டியது. நர்ஸ் ஓடி வந்து சொன்னார்.

இனி குறைகள். முதலில் சொன்ன தொகை ஏழரை லட்சம், வந்தது 8 லட்சத்து 90 ஆயிரம். காய்ச்சலுக்கான மருந்துகள் கூடியதால் என்றார்கள், அது நியாயம்தான், ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறை கணக்கைக் காட்டியிருந்தால் கடைசி நாளில் நாங்கள் அப்படி ஓடியிருக்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றி இரண்டு மேசையில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அனுமதி ஆவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பெரிய குறை இரவு உதவி எண். வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் இரவு பதினொன்றரைக்கு அம்மாவுக்கு 101 டிகிரி. 100.4 தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் பேச வேண்டும் என்று அவர்களேதான் தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான்கு முறை அடித்தேன், எடுக்கவில்லை. வெளியே மூடுபனி, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாது. 108-ஐ அழைத்துப் பக்கத்து அரசு மருத்துவமனையில் முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் இறங்கினோம். அங்கிருந்த பணி மருத்துவர் டிஸ்சார்ஜ் தாளைப் படித்துப் பார்த்துத் தாமதிக்காமல் போட்டார், அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அந்த இரவுக்காகத்தான் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மலையில் இருந்து போகிறவர்கள் டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக வீட்டுக்கு வராதீர்கள். ஒரு மாதமாவது கீழே, காரமடையிலோ மேட்டுப்பாளையத்திலோ உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்குங்கள். எங்களுக்கு யாரும் இதை அழுத்திச் சொல்லவில்லை. கோவைக்காரர்களுக்கு நம் சாலை தெரியாது, மழையில் மண் சரிந்தால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று தெரியாது. வீட்டைத் தயார் செய்யும்போது சுவரின் பூஞ்சையை முதலில் பாருங்கள். நம் வீடுகளில் அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூத்திருக்கும், கம்பளியிலும் இருக்கும், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு அந்தப் பூஞ்சை நுரையீரலில் இறங்கும். நாங்கள் ஓர் அறையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, கம்பளிகளைக் கீழே கொண்டுபோய் வெயிலில் காயவைத்து எடுத்து வந்தோம். எருக்குழிப் பக்கம் அம்மாவை விடவில்லை, அதற்குத்தான் அவர் அதிகம் சண்டை போட்டார். சின்னக் குழந்தைக்குப் போடும் தடுப்பூசிகளை எல்லாம் மறுபடி முதலில் இருந்து போட வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் தொடங்கினார்கள்.

இப்போது லெனலிடோமைட் சிறிய அளவில் தினமும் போகிறது. கடைசிப் பரிசோதனையில், மைலோமா செல்கள் ரத்தத்தில் விடும் எம் புரதம் தென்படவில்லை. நோய் ஒருநாள் திரும்பலாம் என்று அம்மாவுக்கும் தெரியும், மறைக்கவில்லை. டாக்டர் அனுமதித்த பிறகு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கேரட் தரம் பிரிக்கிறார்.

உதவி எண் விஷயத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருந்தேன். பிப்ரவரியில் பணி மருத்துவர் கையிலேயே இருக்கும் ஒரு தனி கைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு இரவு அழைக்க வேண்டி வந்தது, இரண்டு முறையும் எடுத்தார்கள். மழைக்காலம் முடியும் வரை இப்படியே இருந்தால் மதிப்பெண்ணை மாற்றி எழுதுகிறேன்.